பங்களாவோடு நின்ற கம்பம்

1

நம் பள்ளிக்கூடத்து ஆண்டு மலரில் 'கடல் கடந்த நம்மவர்' என்று ஒரு பகுதி போடுகிறார்களாம். துபாயிலிருந்து ஒருவர், கனடாவிலிருந்து ஒருவர், சிங்கப்பூரிலிருந்து இரண்டு பேர் எழுதுகிறார்கள். "நீயும் எழுதுடே" என்று மலர்க் குழுவிலிருந்து கூடப் படித்த நண்பன் போன் பண்ணினான்.

"நான் கடந்த பெரிய தண்ணி, நெய்யாற்றங்கரை பாலத்துக்குக் கீழ ஓடுத ஆறுதாண்டே. அதும் பஸ்ஸுல இருந்து எட்டிப் பாத்தா முட்டளவு."

"அதனால என்ன? நீ திருவனந்தபுரம் போயி பதினஞ்சு வருசம் ஆச்சி. சொந்த வீடு கிடையாது. பேச்சு மாறிட்டு. உம் மவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இதுக்கு மேல என்ன வெளிநாடு வேணும் ஒனக்கு?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆகவே எழுதுகிறேன். ஆரல்வாய்மொழியிலிருந்து காலையில் ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திருவனந்தபுரம் தம்பானூர் ஸ்டேஷனுக்கு வந்துவிடலாம் என்ற தூரத்தில் நான் அயல்நாட்டு வாழ்க்கை வாழ்ந்துகொண்டிருக்கிறேன். பாஸ்போர்ட் இல்லை. தண்டனையெல்லாம் உண்டு. பதினைந்து வருஷமாக மலையாளம் பேசியும், நான் வாயைத் திறந்து முதல் வார்த்தை முடிவதற்குள் "தமிழ்நாட்டில் எவிடெயா?" என்று கேட்டுவிடுகிறார்கள். ஊருக்கு வந்தால் நீங்கள், "என்ன, மலையாளத்தான் மாதிரி இழுக்கே?" என்கிறீர்கள். இரண்டு பக்கமும் டிக்கெட் கேட்கிற ரயிலில் நடுவில் நிற்கிறவன் நான்.

என் மகள் சுபா பத்தாம் வகுப்பு. வீட்டில் தமிழ்தான் பேசுகிறாள் என்று அவள் நினைக்கிறாள். "அப்பா, கொறச்சு நேரம் மிண்டாம இரிக்கோ" என்றால் எங்கள் வீட்டில் அது தமிழ். கொஞ்ச நேரம் வாயைத் திறக்காமல் இரு என்று அர்த்தம். இந்த வாக்கியத்தை நான் தினம் கேட்பதால் எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படுவதில்லை.

2

ஊரில் எல்லாரும் இப்போது காற்றாடியைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். என் அண்ணன் போனில் வேறு எதுவும் சொல்வதில்லை. முப்பந்தல் பக்கம் எத்தனை முளைத்திருக்கிறது, ஒவ்வொரு இறக்கையும் எத்தனை நீளம், எந்த ஊர்க்காரர்கள் வந்து படம் பிடிக்கிறார்கள். சின்ன வயதில் நம் வீட்டு ஓட்டைப் பிரித்துப் போட்டு, கொடியில் காய்ந்த வேட்டியைச் செண்பகராமன்புதூர் வரை கொண்டுபோன அதே காற்று. அதை நாம் திட்டாத நாள் இல்லை. இப்போது அதற்கு விலை வந்துவிட்டது. "காத்தக் கட்டி கரண்டு எடுக்கோம். ஒங்க ஆளுக என்ன செய்யாங்க?" என்று அண்ணன் கேட்டான். 'ஒங்க ஆளுக' என்றால் மலையாளிகள். நான் எப்போது கட்சி மாறினேன் என்று தெரியவில்லை.

எங்கள் ஆட்கள் மழையைப் பார்க்கிறார்கள். இங்கே கரண்ட் என்றால் மழை. அணை நிறைந்தால் வெளிச்சம், வற்றினால் ராத்திரி அரை மணிநேரம் பேட்டை பேட்டையாக அணைப்பார்கள். இதில் ஒரு நேர்மை உண்டு. மந்திரி வீட்டுத் தெருவும் அணையும், மீன்காரி தெருவும் அணையும். எங்கள் முறை வரும்போது சுபா புத்தகத்தை மூடிவிட்டுக் குதிப்பாள். இந்த அரை மணிநேரம் மட்டும் அவள் என்னோடு பேசுவாள். லைட் வந்ததும் பேச்சு நின்றுவிடும். அணை வற்றட்டும் என்று வேண்டிக்கொள்ளும் ஒரே மின்சாரத் தொழிலாளி இந்த மாநிலத்தில் நானாகத்தான் இருப்பேன்.

மழையை மட்டும் நம்பினால் போதாது என்று சர்க்கார் சூரியனிடம் போனது. அப்போதுதான் எனக்கும் வேலை மாறியது. தம்பானூரில் என் முதலாளியின் கடையில் பம்ப்செட் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். மானியத்தில் சோலார் விளக்கு கொடுக்கும் காண்ட்ராக்ட் கிடைத்ததும் முதலாளி போர்டை மாற்றினார், என்னையும் மாற்றினார். நான் சூரியசக்தி ஆள் ஆனேன். 'பாரம்பர்யேதர ஊர்ஜம்' என்று இங்கே சொல்வார்கள், மரபுசாரா எரிசக்தி. அதை உச்சரிக்கப் பழகவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது. பூமி சூடாகிறது, புகை கூடுகிறது, நிலக்கரியை விட வேண்டும் என்றெல்லாம் கூட்டங்களில் கேட்டுக் கேட்டு எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. விளையாட்டாகச் சொல்லவில்லை. உண்மையாகவே நம்புகிறேன். என் வீட்டில் மட்டும் சோலார் கிடையாது. ஸ்ரீவராகத்தில் நான் இருக்கும் வாடகை மாடிக்கு மேலே வீட்டுக்காரரின் பலாமரம் குடை பிடிக்கிறது. அந்த மரத்தைத் தாண்டி என் வீட்டுக்கு வெயில் வர வேண்டுமானால் சூரியனுக்கே மானியம் கொடுக்க வேண்டும்.

3

பொன்முடிப் பாதையில், கொண்டை ஊசி வளைவுகள் பாதி ஏறினதும் ஒரு தேயிலைத் தோட்டம். தோட்டத் தொழிலாளிகள் இருக்கும் வரிசை வீடுகளை லயம் என்பார்கள். அங்கே எல்லாரும் நம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அந்தக் காலத்தில் மலை ஏறின குடும்பங்கள். மேனேஜர் பங்களா வரைக்கும் கரண்ட் கம்பம் உண்டு. அதற்கு மேலே லயத்துக்குக் கிடையாது. கம்பத்தை நீட்டப் போகிறோம் என்று ஆட்கள் வந்து குழி தோண்ட வேண்டிய இடங்களில் சுண்ணாம்பு அடித்த கல்லும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அதற்கு முன்னால் நாங்கள் விளக்கோடு போய்விட்டோம். தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்பதால் என்னை அனுப்பினார் முதலாளி. வீட்டுக்கு ஒரு பேனல், ஒரு லாந்தர். கூரையில் மாட்டி, வயர் இழுத்து, சுவிட்சைப் போட்டுக் காட்டினேன். லயத்தில் எல்லாரும் சொல் கேட்கிற ஆள் பேச்சியம்மா. கொழுந்து பறிக்கிறவர். நாற்பது வயசு இருக்கும். குரல் மட்டும் தோட்டத்துச் சங்கு.

"இதுக்கு மண்ணெண்ண ஊத்த வேண்டாமா அண்ணாச்சி?"

"வேண்டாம். சூரியன் ஊத்தும்."

"இங்க சூரியன் எங்க வாரான்? மாசத்துல பாதி நாளு மஞ்சு மூடிக் கெடக்கு. கோழி கூவுததே எங்களுக்கு ஒரு நெதானத்துல தான்."

மஞ்சு என்றால் பனிமூட்டம். நான் சிரித்தேன். அது சிரிக்க வேண்டிய இடம் இல்லை என்று அப்போது தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து, விளக்குகள் எரிகின்றனவா என்று பார்க்க சர்க்கார் எஞ்சினியர் வந்தார். நல்ல மனுஷர். லஞ்சம் வாங்க மாட்டார். மலை ஏறினால் வாந்தி வரும், ஆனாலும் வந்தார். நானும் கூடப் போனேன். பொழுது இருட்டும் நேரம். ஜீப் கடைசி வளைவு திரும்பியதும் அவர் "அய்யோ!" என்றார். லயம் முழுக்க ஜெகஜோதி. ஒரு வீடு பாக்கியில்லை. வாசலில் கோலம், கையில் கட்டன் சாயா, ஒரு தட்டில் அவித்த கிழங்கு. "நல்லா எரியுதா?" என்று எஞ்சினியர் தமிழில் கேட்டார். "ஒங்க புண்ணியத்துல நல்லா எரியுது சாமி" என்றார்கள் ஒரே குரலில். அவர் கண்ணே கலங்கிவிட்டது.

ஜீப்புக்குத் திரும்பும்போது பேச்சியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "மூணு நாளா ஒருத்தரும் சுவிட்சத் தொடல. நாந்தான் தொட விடல. எல்லா வீட்டுலயும் மண்ணெண்ணச் சிமினிதான். எல்லாம் சேத்து வச்சோம். இம்புட்டுத் தூரம் சுத்தி வாந்தி எடுத்துட்டு வாராரு, மொகம் வாடிப் போகலாமா?"

இதை என்னவென்று சொல்ல? கல்யாண வீட்டுக்குப் பக்கத்து வீட்டு நாற்காலியை வாங்கிப் போடுகிற மாதிரி, மூன்று நாள் வெளிச்சத்தைக் கடன் வாங்கி விருந்து வைத்திருக்கிறார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. நம் ஆட்கள் என்று நினைத்தேன்.

4

அந்த விருந்தின் விலை மழைக்காலத்தில் தெரிந்தது. சுண்ணாம்புக் கல் வைத்த இடத்தில் யாரும் குழி தோண்ட வரவில்லை. பேச்சியம்மா கேட்டுச் சொல்லச் சொன்னார் என்று எஞ்சினியரிடம் போனேன்.

"அவிடெ லைட் உண்டல்லோ அண்ணாச்சி. பின்னெ எந்தினா போஸ்ட்?"

லைட் இருக்கிறதே, பிறகு எதற்குக் கம்பம்? சூரிய விளக்கு நூறு சதவீதம் எரியும் இடம் என்று லயம் கணக்கில் ஏறிவிட்டது. அப்படி ஏறிய இடத்துக்குக் கம்பிச் செலவு பாஸ் ஆகாது. மாநிலத்துக்கு அது சாதனை. மலைமேல், காட்டுக்குள், புகை இல்லாத வெளிச்சம். எஞ்சினியர் நேரில் கண்டதைத்தான் எழுதியிருந்தார். பொய் எழுதவில்லை.

"சார், மழையில அது எரியாது. மஞ்சுல சார்ஜ் ஏறாது."

"ஞான் கண்டதல்லே? எந்தொரு பிரகாசம்!"

கண்ணால் கண்டேனே என்கிறவரிடம், அவர்கள் மூன்று நாள் சேர்த்து வைத்ததைச் சொன்னேன். "நல்ல தமாஷ்" என்று சிரித்தார். ஆபீஸில் நான் நுழைந்தாலே சிரிப்பார்கள். நான் கொஞ்சம் சிரிக்க வைக்கிற ஆள். பில் பாஸாக வேண்டும், கையெழுத்து வேண்டும் என்றால் முதலாளி என்னைத்தான் அனுப்புவார். வேற்று ஊரில் பிழைக்க வந்தவனுக்கு ஒன்று பணம் வேண்டும், இல்லை மிரட்டல் வேண்டும், இரண்டும் இல்லாதவனுக்கு நாக்கு வேண்டும். நான் நாக்கை வைத்துத்தான் பதினைந்து வருஷம் ஓட்டினேன்.

அந்த ஆடியில், லயத்துக்குக் கீழே இருக்கும் பொதுக் கக்கூஸுக்கு விடியுமுன் போன பேச்சியம்மாவை விரியன் கடித்தது. விளக்கு அணைந்து நாலு நாள் ஆகியிருந்தது. முதல் பஸ் வரும்வரை காத்திருந்து மலையடிவாரத்து விதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தப்பியது. இடது காலில் இரண்டு விரல் போயிற்று. நான் மெடிக்கல் காலேஜில் போய்ப் பார்த்தபோது அவர் சொன்னது: "எனக்குப் போனது போகட்டும் அண்ணாச்சி. அந்தப் படியில தெனமும் பிள்ளைக போகுதுக. ஒரு கம்பம். அந்த கக்கூஸ்கிட்ட ஒரே ஒரு லைட்டு. பங்களா நாயிக்கு எரியுதுல்ல?"

5

நகரத்தில் விழா. மாநிலத்தின் பசுமை எரிசக்தி முன்னேற்றம் பற்றி. குளிரூட்டிய ஹால், வெளியே ஜெனரேட்டர் புகை விட்டுக்கொண்டிருந்தது. மேடையில் பயனாளி ஒருவர் பேச வேண்டும் என்று பேச்சியம்மாவை அழைத்திருந்தார்கள். மொழிபெயர்க்க நான். சுபாவையும் கூட்டிப்போனேன். அப்பா மேடை ஏறுவதை அவள் பார்க்கட்டும் என்ற ஆசை.

பேச்சியம்மா நொண்டிக்கொண்டே வந்து மைக்கைப் பிடித்தார். சங்கு ஊதியது. "விளக்கு குடுத்தீய, நன்றி. வெயில் இருந்தா எரியுது. மழைக்கு எரியல. எங்களுக்கு மழைதான் ரொம்ப. எனக்குப் பாம்பு கடிச்சிட்டு. சூரியன் வெளக்க எடுத்துட்டுப் போங்கன்னு நாங்க சொல்லல. அதுவும் இருக்கட்டும், கம்பமும் வேணும். பங்களா வரைக்கும் வந்த கரண்டு இன்னும் நாலு எட்டு ஏறி வரக் கூடாதா?"

நான் மைக்கை வாங்கி மலையாளத்தில் ஆரம்பித்தேன். தலைமை வகித்த பெரிய அதிகாரி கையைக் காட்டினார். "வேண்டா வேண்டா. தமிழ் நமுக்கெல்லாம் மனசிலாகும்." உண்மைதான். திருவனந்தபுரத்தில் தமிழ் புரியாதவர் யார்? ஹாலில் எல்லாரும் தலையாட்டினார்கள். அவரே எழுந்து சுருக்கிச் சொன்னார். விளக்கு கிடைத்ததில் அந்த அம்மாவுக்கு மிகுந்த நன்றி, இன்னும் கூடுதலாக வேண்டும் என்று கேட்கிறார், இதைவிட நம் திட்டத்துக்கு என்ன சாட்சி வேண்டும்? கைதட்டல்.

என்னால் பொறுக்க முடியவில்லை. மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது. "சார், அவங்க கேட்டது கூடுதல் விளக்கு இல்ல. கம்பம். நீங்க எல்லாரும் கேட்டீங்க. மனசிலாச்சுன்னும் சொன்னீங்க. பின்னெ ஏன் மாத்திச் சொல்றீங்க?"

முன்வரிசையில், என்னை அறிந்த ஆபீஸ்காரர்கள் சிரித்தார்கள். "அண்ணாச்சி தொடங்ஙி!" என்றார் ஒருவர். சிரிப்பு பின்வரிசைக்குப் போயிற்று. பெரிய அதிகாரியும் சிரித்தபடி என் தோளில் தட்டி மைக்கை வாங்கிக்கொண்டார். பேச்சியம்மாவுக்குப் பொன்னாடையும் இன்னொரு புது லாந்தரும் கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும் சுபா சொன்னாள்: "அப்பா எப்பவும் தமாஷ் பறஞ்சு பறஞ்சு... இனி அப்பா கரைஞ்சாலும் இவங்க சிரிப்பாங்க." கரைவது என்றால் இங்கே அழுவது. அவள் சொன்னதை நீங்கள் புரிந்துகொள்ள அது போதும். நான் புரிந்துகொள்ள அவள் முகம் போதுமானதாக இருந்தது.

பேச்சியம்மா ஒன்றும் கோபப்படவில்லை. பஸ் ஏறும்போது, "நீங்க சரியாத்தான் கேட்டிய. ஆளு மாறிப் போச்சி" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

6

எஞ்சினியர் மட்டும் அன்று சிரிக்கவில்லை. மறுநாள் அவரே கடைக்கு வந்தார். பேச்சியம்மாவின் கால் அவரைத் தூங்கவிடவில்லையாம். "அண்ணாச்சி, மழையத்து ஞான் ஒருக்கா கூடி வராம். இருட்டு கண்டால் இருட்டு என்னு எழுதாம். போஸ்டு வரும்." மழையில் இன்னொரு முறை வருகிறேன், இருட்டாக இருந்தால் அதையே எழுதுகிறேன் என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

லயத்துக்குப் போய்ச் சொன்னேன். பேச்சியம்மாவே எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னார். "இந்தா பாருங்க. இந்தத் தடவ உபசாரம் கெடையாது. கோலம் கெடையாது. கெழங்கு கெடையாது. ஒரு வீட்டுலயும் ஒரு பொட்டு வெளிச்சம் தெரியக் கூடாது. உள்ளது உள்ளபடி காட்டுவோம். எவளாவது சுவிட்சப் போட்டா கையை ஒடிச்சிருவேன்." எல்லாரும் சிரித்தார்கள். அந்த மழையில் பல வீட்டு விளக்குகளைத் தட்டினாலும் எரியாது என்பது வேறு விஷயம்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் போனோம். விதுரை தாண்டியதும் மஞ்சு இறங்கிவிட்டது. ஜீப்பை விட்டு இறங்கி, லயத்துக்கு ஏறும் கல்படிகளின் கீழே நின்றோம். மேலே ஒன்றுமே தெரியவில்லை. வீடுகள் இருக்கின்றனவா என்றே சந்தேகம் வரும்படியான இருட்டு. இருமல் சத்தமும் ஒரு குழந்தை அழுகிற சத்தமும்தான் அங்கே ஆள் இருப்பதைச் சொன்னது. எஞ்சினியர் தோள்பையிலிருந்து பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் மாட்டிக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

"முகளில் போயி காணாம்", மேலே போய்ப் பார்க்கலாம் என்று அவர் படியில் கால் வைத்தார். பாசி பிடித்த கல். மூன்றாவது படியில் வழுக்கி, "அய்யோ" என்று கையை ஊன்றினார். கையில் இரத்தம்.

மேலே ஒரு கதவு திறந்தது. "யாரு சாமி விழுந்தது? அசையாதிய, அசையாதிய! அட்ட இருக்கும், பாம்பு இருக்கும். அங்கனயே நில்லுங்க!" சங்குக் குரல். அதற்குப் பின்னால் ஒரு வெள்ளை வெளிச்சம் ஆடி ஆடி இறங்கி வந்தது. விழாவில் கொடுத்த புது லாந்தர். அதைப் பேச்சியம்மா வீட்டில் யாரும் தொடாமல் வைத்திருந்தார்கள் போல. அவர் நொண்டிக்கொண்டே வந்து, எஞ்சினியரின் கையைத் தன் முந்தானையால் துடைத்து, கட்டி, கால் வைக்கும் கல் ஒவ்வொன்றையும் காட்டி, ஜீப் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம், "நீங்களும் பாத்து வாங்க அண்ணாச்சி" என்றார்.

எஞ்சினியர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். வருத்தமாகத்தான் சொன்னார். "ஞான் எந்து செய்யும் அண்ணாச்சி? இருட்டு என்னு எங்ஙனெ எழுதும்? வெளிச்சம் உண்டல்லோ. ஆ வெளிச்சத்திலல்லே ஞான் நடந்நு வந்நது?" அந்த வெளிச்சத்தில்தானே நடந்து வந்தேன் என்கிற மனுஷரிடம் என்ன சொல்ல? பொய் எழுதத் தெரியாதவர்.

"ஏன் அக்கா?" என்று பேச்சியம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"விழுந்துட்டாருல்லா" என்றார். அவ்வளவுதான். கொஞ்சம் கழித்து, "எனக்கும் தெரியுது அண்ணாச்சி. எறங்கி வரும்போதே தெரிஞ்சிது. திரும்பிப் போகவா முடியும்?" என்றார்.

ஜீப் கிளம்பி முதல் வளைவு வந்ததும் திரும்பிப் பார்த்தேன். லாந்தர் மங்கி, சிவந்து, அணைந்தது. புதுசு என்றாலும் அந்த மஞ்சில் அதற்கு எங்கே வெயில் கிடைத்திருக்கும்? பேச்சியம்மாவுக்கு இன்னும் அத்தனை படியும் பாக்கி இருந்தது.

"சார், பின்னால பாருங்க" என்றேன்.

எஞ்சினியர் தலையை வெளியே நீட்டி வெகுநேரம் பார்த்தார். "ஒந்நும் காணுந்நில்லல்லோ." ஒன்றுமே தெரியவில்லையே என்றார்.

"அதுதான் சார். அங்க ஒரு ஆள் ஏறிப் போறாங்க."

அவர் சிரிக்கவில்லை. பேனாவையும் எடுக்கவில்லை. விதுரை வரும்வரை முந்தானைத் துணி சுற்றிய கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.